அறுபத்தைந்தாவது பெட்டி

எனக்கு ஏற்கெனவே ஒரு கணவர் இருக்கிறார் என்று பெயர்ப் பதிவகம் எழுத்து மூலம் தெரிவித்தபோது, நான் ஒரு லிஃப்டின் தலைமேல் உட்கார்ந்து இரும்பு வடத்துக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தேன். லிஃப்ட் மெக்கானிக் இப்படிப்பட்ட செய்திகளை உட்கார்ந்த வாக்கில் வாங்கிக்கொள்வது நல்லது. எனக்குக் கீழே எட்டு மாடி இருந்தது.

கைபேசியில் வந்த அந்தக் கடிதத்தை மூன்று முறை படித்தேன். "தாங்கள் கோரிய தனியர் சான்றிதழை வழங்க இயலாது. பதிவேட்டின்படி தங்களுக்கு அறுபத்தாறு வயதில் கணவர் ஒருவர் உள்ளார். அவரிடமிருந்து முறைப்படி விலகிய பிறகு மீண்டும் விண்ணப்பிக்கவும்." அடியில் வட்ட முத்திரை. எனக்கு வயது முப்பத்தொன்று. நேற்றுவரை ஆம்பளை.

தனியர் சான்றிதழ் என்பது, இந்த ஆளுக்கு இதுவரை யாரும் வாய்க்கவில்லை என்று அரசாங்கமே கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் காகிதம். அது இல்லாமல் கல்யாணத்தைப் பதிய முடியாது. எங்கள் கல்யாணத்தை இருபத்தேழாம் தேதிக்குள் பதிந்தாக வேண்டும். இருபத்தெட்டாம் தேதி அவள் மூன்று வருட ஒப்பந்தத்தில் வேறு நாட்டுக்கு வேலைக்குக் கிளம்புகிறாள். கணவன் என்றால் கூட அழைத்துப்போகலாம். காதலன் என்றால் விமான நிலையத்தின் கண்ணாடிக் கதவுவரை வந்து கையாட்டலாம். அன்று தேதி ஒன்பது.

அவளை அவள் வீட்டில் வாயாடி என்று கூப்பிடுவார்கள். நானும் அப்படியே சொல்கிறேன், குறை சொல்வதற்கில்லை. துணி துவைக்கும் இயந்திரத்துக்குள் ஒரு சின்ன சிப்பு இருக்குமே, அதற்கு நிரல் எழுதுவது அவள் வேலை. போனில் விஷயத்தைச் சொன்னதும் முழுசாக ஒரு நிமிஷம் சிரித்தாள்.

"உன் வீட்டுக்காரர் என்ன பண்றாராம்?" என்றாள்.

"சிரிக்காதடி. சான்றிதழ் கெடையாதாம்."

சிரிப்பு நின்றுவிட்டது. "நாளைக்கே போய்க் கேளு. என்ன எழுதியிருக்குன்னு கேக்காத. எப்படி வாசிச்சாங்கன்னு கேளு."

பெயர்ப் பதிவகம் நாலு மாடிக் கட்டடம். லிஃப்ட் உண்டு, ஓடாது. அது என் கம்பெனி லிஃப்ட் இல்லை என்பதை இங்கே பதிவு செய்துகொள்கிறேன். வாசல் வளைவில் பெரிய எழுத்தில், "சைபர் வரும்வரை வாசிப்போம்" என்று பொறித்திருந்தார்கள். ஏதோ நீதி வாசகம் என்று நினைத்து உள்ளே போனேன். அது நீதியும் இல்லை, வாசகமும் இல்லை, அவர்கள் வேலை செய்யும் முறை என்பது பிறகுதான் தெரிந்தது.

மூன்றாம் கவுன்டரில் மெலிந்த ஒரு மனிதர் இருந்தார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். அங்கே எல்லாரும் அவரை "மூணாம் கவுன்டர்" என்றுதான் கூப்பிட்டார்கள், அவரும் திரும்பிப் பார்த்தார். என் எண்ணைத் தட்டிவிட்டு, கணினித் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். என் பெயர் இருந்தது, அப்பா பெயர் இருந்தது, அதோடு ஒட்டிக்கொண்டு முழு நீளத்துக்கு ஒரு பெண்ணின் பெயரும் இருந்தது.

"சார், பின்னாடி பாதி நான் இல்ல."

"இல்லங்க, எல்லாம் நீங்கதான். சைபர் இன்னும் வரலையே."

"என்ன சைபர்?"

அவர் ஒரு பென்சிலை எடுத்தார். பாவம், நல்ல மனிதர். காகிதத்தில் வரிசையாகக் கட்டம் போட்டார். "ஒவ்வொரு ஆளுக்கும் அறுபத்திநாலு பெட்டி. பெயரை எண்ணா மாத்தி வரிசையா அதுல நிரப்புவோம். பெயர் முடிஞ்ச இடத்துக்கு அடுத்த பெட்டியில ஒரு சைபர், அதான் பூஜ்யம், வைப்போம். வாசிக்கற மிஷினுக்கு ஒரே ஒரு உத்தரவுதான். முதல் பெட்டியில ஆரம்பி, சைபரைப் பாத்தா நில்லு. உங்க பெயர் சரியா அறுபத்திநாலு பெட்டி. நெறஞ்சுபோச்சு. சைபருக்கு இடமில்ல."

"அப்ப அறுபத்திநாலோட நிறுத்த வேண்டியதுதானே?"

அவர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "மிஷினுக்கு எண்ணத் தெரியாதுங்க. நிக்க மட்டும்தான் தெரியும்."

நிற்காத மிஷின் எனக்கு அடுத்த வரிசைக்குள் நேராக நடந்துபோயிருக்கிறது. அங்கே இருந்தவர், பத்து வருடம் முன்பு எல்லாரும் பெயரைப் புதிதாகப் பதிந்த அன்று எனக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த ஒரு கணக்கு டீச்சர். அவர் பெயருக்கு ஒழுங்காக சைபர் இருந்தது, அங்கே நின்றது. ஆக, என் பெயரின் தலை நான், வால் டீச்சர். வால் யாருடையதோ அவர் விவரத்தைத்தான் எடுப்பார்களாம். டீச்சருக்குக் கணவர் இருக்கிறார். எனவே எனக்கு இருக்கிறார்.

"இது தப்புன்னு உங்களுக்கே தெரியுதில்ல?" என்றேன்.

"தெரியுதுங்க. ஆனா முறைப்படி வாசிச்சதுல வந்த தப்பு. அதைத் தப்புன்னு சொல்லக் கூடாது."

சாயங்காலம் டீக்கடையில் வாயாடியிடம் இதை ஒப்பித்தேன். அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

"எங்க வாஷிங் மிஷின்ல, காட்டற எழுத்துக்கு முன்னாடியே இத்தனை பெட்டின்னு எண்ணை எழுதிடுவோம். பதினொன்னுன்னு போட்டிருந்தா பதினொன்னை வாசிச்சுட்டு நிக்கும். சட்டை துவைக்கற மிஷினுக்கு இருக்கற அறிவு அந்த நாலு மாடிக்கு இல்லையா?"

"சரி, இப்ப என்ன செய்யலாம்?"

"அந்த டீச்சரைக் கண்டுபிடி. அவங்களுக்கும் ஏதாவது வந்திருக்கும்."

வந்திருந்தது. பதிவகமே எங்கள் இருவரையும் பன்னிரண்டாம் தேதி அழைத்திருந்தது. டீச்சர் ஒடிசலாக, நிமிர்ந்து, மடியில் கைப்பையை நிறுத்திவைத்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் கணவர், ரிடையரான பஸ் கண்டக்டர். என்னைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார்.

"ஏம்மா, இதுதான் உன் முன்பாதியா?" என்றார் மனைவியிடம். "நாப்பது வருஷமா முழு ஆளோட குடித்தனம் பண்றேன்னுல்ல நெனச்சேன்."

"வாயை மூடிட்டு உக்காருங்க," என்றார் டீச்சர். என்னைப் பார்த்து, "தம்பி, கல்யாணம் எப்ப?" என்றார்.

"இருபத்தேழு, டீச்சர்."

"பொண்ணு பிடிச்ச பொண்ணா?"

"ரொம்ப."

"அப்ப விடக் கூடாது," என்றார்.

உள்ளே ஒரு அதிகாரி கண்டக்டரிடம் ஒரு படிவத்தை நீட்டினார். தம் மனைவியின் முற்பகுதி வேறொரு பெண்ணை மணப்பதில் தமக்கு ஆட்சேபணை இல்லை என்று அவர் கையெழுத்திட வேண்டுமாம். கண்டக்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அக்கறையாகப் படித்தார். "முற்பகுதிக்கு ஆட்சேபணை இல்ல. ஆனா கல்யாணத்துக்கு அப்புறம் பிற்பகுதி யார் வீட்டுல இருக்கும்?" என்று கேட்டார். அதிகாரி அதை மதித்து, குறித்துக்கொண்டு, மேலே அனுப்பினார். மேலே என்றால் ஆணையர்.

ஆணையர் எங்களைத் தம் அறையில் நிற்க வைத்து அரை மணி நேரம் பேசினார். அந்த மனிதருக்கு இரண்டு பேர் எதிரே இருந்தாலே மேடை ஏறிய மாதிரி இருக்கும்போல.

"நம் பதிவகம் நாற்பது ஆண்டுகளாக ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது," என்றார். "எல்லாப் பெயரும் ஒருநாள் முடியும் என்கிற நம்பிக்கை. முடியாத பெயர் ஒன்று வந்தால் அது பெயரின் குற்றம், நம்பிக்கையின் குற்றமல்ல. சில பேர் சொல்கிறார்கள், நீளத்தை முதலிலேயே எழுதிவிடலாமே என்று. மிக ஆபத்தான யோசனை! இன்று பெயர் எவ்வளவு நீளம் என்று முன்கூட்டியே சொல்வோம். நாளைக்கு மக்கள் கேட்பார்கள், என் வேலை முடிய எவ்வளவு நாள் ஆகும், முன்கூட்டியே சொல்லு என்று. அப்புறம் நாம் எதற்கு?"

சுற்றி நின்ற அதிகாரிகள் கைதட்டினார்கள். மூணாம் கவுன்டர் மட்டும் கையில் கோப்பு இருந்ததால் தட்டவில்லை.

"சார், எனக்கு இருபத்தேழாம் தேதி கல்யாணம்," என்றேன்.

"வாழ்த்துகள். உம் கடைசிப் பெட்டியை எடுத்துவிட்டு அங்கே சைபர் வைக்கிறோம். ஒரே ஒரு பெட்டி. நாட்டுக்காக இதுகூடக் கொடுக்க மாட்டீரா?"

கொடுத்தேன். பதினாறாம் தேதி சான்றிதழ் வந்தது. டீச்சர் போய்விட்டார், கணவர் போய்விட்டார், என் பெயரின் கடைசி எழுத்தும் போய்விட்டது. அந்த இடத்தில் ஒரு கறுப்பு வைரம், அதன் வயிற்றில் ஒரு கேள்விக்குறி. வாயாடிக்குப் பார்த்ததுமே புரிந்துவிட்டது. தமிழில் ஒவ்வொரு குறிக்கும் மூன்று பெட்டி வேண்டும். புள்ளி வைத்தால் புள்ளிக்கு மூன்று, கால் போட்டால் காலுக்கு மூன்று. மூன்றில் ஒன்றைப் பிடுங்கிவிட்டால் மீதி இரண்டும் சேர்ந்து எந்த எழுத்தும் இல்லை. இது என்னவென்று தெரியவில்லை என்று மிஷின் ஒப்புக்கொண்ட அடையாளம்தான் அந்த வைரம். அந்தக் கட்டடத்தில் தெரியவில்லை என்று ஒப்புக்கொண்டது அது ஒன்றுதான்.

திருமணப் பதிவாளர் அலுவலகம் அடுத்த தெருவில். அந்தப் பதிவாளர் அம்மாள் மூக்குக் கண்ணாடி வழியே சான்றிதழைப் பார்த்தார்.

"பெயரை நான் உரக்க வாசிக்கணும். இந்தக் கடைசி எழுத்தை எப்படிப்பா சொல்றது?"

"எனக்கே தெரியலைங்க."

"வாய்க்கு வராத ஆளுக்கு நான் எப்படிக் கல்யாணம் பண்ணி வைக்கிறது?" நியாயமான கேள்வி. அன்றைக்கு என்னிடம் யாராவது கேட்ட நியாயமான கேள்வி அது ஒன்றுதான்.

பதிவகம் இதைப் பிரச்சினையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. வைரத்தின் ஒலியை முடிவு செய்ய ஐந்து பேர் குழு அமைத்தார்கள். குழு மூன்று நாள் கூடியது. இருவர் அதைச் சின்ன இருமல் என்றார்கள், இருவர் மௌனம் என்றார்கள், தலைவர் இரண்டும் கலந்தது என்று தீர்ப்பளித்தார். இதற்கிடையில் என் அம்மாவுக்கு ஒரு கடிதம். மகனுக்குப் பெயர் வைக்கும்போது பெட்டி எண்ணிக்கையைக் கருத்தில் கொள்ளாதது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். அம்மா எனக்குப் போன் போட்டு, "பிரசவ வலியில கட்டம் போட்டுப் பாக்க மறந்துட்டேன்னு எழுதிடவா?" என்று கேட்டாள். எழுதியும் விட்டாள். அதற்குப் பெற்றுக்கொண்டோம் என்று ரசீது வந்தது.

இருபத்திரண்டாம் தேதி வாயாடி பெட்டி கட்ட ஆரம்பித்தாள். என் சட்டைகளையும் சேர்த்து வைத்தாள். பிறகு எடுத்தாள், மறுபடி வைத்தாள். எனக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. பதிவகத்துக்குப் போய் ஆணையர் அறை வாசலில் உட்கார்ந்துகொண்டேன். போகச் சொன்னார்கள், போகவில்லை. நாலு நாள் காலையிலிருந்து சாயங்காலம்வரை அதுதான் என் வேலை. என்னைத் தாண்டித் தாண்டிப் போய் ஆணையருக்கே அலுத்துவிட்டது.

இருபத்தாறாம் தேதி காலை அவர் உத்தரவு போட்டார். "இவர் பெயரை முழுசாகத் திருப்பிக் கொடுங்கள். முடிந்த இடத்துக்கு அடுத்த பெட்டியில் சைபர் வைத்துத் தொலையுங்கள்." மூணாம் கவுன்டர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "உத்தரவு," என்றார் ஆணையர். மூணாம் கவுன்டர் வைத்தார்.

பத்து நிமிடத்தில் சான்றிதழ் என் கையில். என் பெயர், அப்பா பெயர், புள்ளி கால் கொம்பு எதுவும் குறையவில்லை. தனியர். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வாயாடிக்குப் போன் பண்ணினேன். "அங்கேயே இரு, வரேன்," என்று கத்தினாள்.

அவளுக்காகப் படியில் காத்திருந்தபோதுதான் டீச்சரும் கண்டக்டரும் ஏறி வந்தார்கள். எங்கள் விவகாரம் முடிந்துவிட்டதால் தம் பெயரைத் தனியாகப் பெற்றுக்கொள்ளும்படி டீச்சருக்கு அழைப்பு. கூடவே போனேன், இனிப்பான முகத்தோடு. மூணாம் கவுன்டர் டீச்சரின் எண்ணைத் தட்டினார். அச்சு இயந்திரம் ஒரு காகிதத்தைத் துப்பியது. வெள்ளைக் காகிதம். அடியில் முத்திரை மட்டும் இருந்தது.

"இது என்ன?" என்றார் டீச்சர்.

மூணாம் கவுன்டர் தலையைத் தூக்கவில்லை. "உங்க பெயர்தாங்க. வாசிச்சாச்சு. முதல் பெட்டியிலேயே சைபர்."

எனக்கு அடுத்த பெட்டி, அறுபத்தைந்தாவது பெட்டி, டீச்சருடைய முதல் பெட்டி. என் சைபரைக் கொண்டுபோய் அங்கே வைத்திருக்கிறார்கள். அதற்குப் பின்னால் டீச்சரின் பெயர் அப்படியே இருக்கிறது, ஆனால் யாரும் அதுவரை போக மாட்டார்கள். கண்டக்டருக்கு ஒரு தனி உறை கொடுத்தார்கள். பிரித்தார். தனியர் சான்றிதழ். யாரும் கேட்காமலே, அன்றைய தேதியில். மனைவி என்று ஒருவர் பதிவேட்டில் இல்லாததால் தானாகவே வந்து விழுந்ததாம்.

"நாப்பது வருஷம் கேட்டுப் பாத்தேன், இன்னைக்குத்தான் குடுத்தாங்க," என்று கண்டக்டர் சிரிக்கப் பார்த்தார். டீச்சர் சிரிக்கவில்லை. அந்த வெள்ளைக் காகிதத்தைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தார். முப்பத்திநாலு வருடம் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி வருகை எடுத்தவர். கண்டக்டரின் சிரிப்பும் வாடிவிட்டது.

"நீ போ தம்பி," என்றார் டீச்சர். "உனக்கு நாளைக்குக் கல்யாணம். நாங்க அலைஞ்சுக்கறோம்."

போயிருக்கலாம். சத்தியமாகச் சொல்கிறேன், கால் ஒரு படி இறங்கியும் விட்டது. என் சான்றிதழில் ஒரு பிழையும் இல்லை, யாரும் என்னைக் கேட்கப் போவதில்லை. அந்த நேரம் பார்த்து வாயாடி மூச்சிரைக்க மேலே வந்தாள். விஷயத்தைச் சொன்னேன். அவள் என் கையிலிருந்த சான்றிதழைப் பார்த்தாள், டீச்சர் கையிலிருந்த வெள்ளைக் காகிதத்தைப் பார்த்தாள்.

"இதை வச்சுக்கிட்டா என்னைக் கட்டிக்கப் போற?" என்றாள்.

"இல்லடி," என்றேன். அப்போதே சான்றிதழை மூணாம் கவுன்டரிடம் திருப்பிக் கொடுத்தேன்.

வாயாடி கவுன்டரில் இரண்டு முழங்கையையும் ஊன்றிக்கொண்டாள். "இவர் பெயரைப் பெட்டி பெட்டியாக் காட்டுங்க சார்." காட்டினார். அவள் விரலை வைத்து எண்ணினாள். இருபத்தொரு குறி, மூன்று மூன்றாக அறுபத்துமூன்று. மீதி ஒரு பெட்டி? என் பெயருக்கும் அப்பா பெயருக்கும் நடுவில் இருந்த வெற்றிடம்.

"இதுக்கும் ஒரு பெட்டியா?"

"ஒண்ணுமில்லாததா இருந்தாலும் பெட்டி வேணுங்களே," என்றார் அவர்.

"அதை எடுத்துட்டு மீதியை ஒட்டுங்க. அறுபத்திநாலாவது பெட்டி காலியாகும். சைபரை அங்க வைங்க."

அந்தச் சத்தத்துக்கு ஆணையரே வெளியே வந்துவிட்டார். பெயர் மாற்றம் என்றால் குழு, விளம்பரம், தொண்ணூறு நாள் என்றார். வாயாடி அவர்களுடைய படிவத்தையே எடுத்து நீட்டினாள். "நீக்கப்படும் எழுத்துகளின் எண்ணிக்கைன்னு போட்டிருக்கு. எத்தனைன்னு எழுதட்டும் சார்? வெற்றிடம் எழுத்தா?" ஆணையர் யோசித்தார். எழுத்து இல்லை. எழுத்தே நீக்கப்படாத மாற்றத்தைக் கவுன்டர் எழுத்தரே செய்யலாம் என்று ஒன்பதாம் விதி. மூணாம் கவுன்டர் அந்த விதியை மனப்பாடமாகச் சொல்லிவிட்டு, யாரும் தடுக்குமுன் செய்து முடித்தார். இருபத்திரண்டு வருடத்தில் அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

மிச்சம் டீச்சரின் முதல் பெட்டி. சைபர் அழித்துவிட்ட எண் எது?

"அது சுலபம்," என்றாள் வாயாடி. "தமிழ்ல எந்தக் குறியா இருந்தாலும் முதல் பெட்டியில ஒரே எண்தான். இருநூத்தி இருபத்திநாலு. உங்க பெயருக்கும் அதான், என் பெயருக்கும் அதான்."

"சும்மா ஒரு எண்ணை எழுத முடியாது," என்றார் ஆணையர். "எங்கிருந்து வந்தது என்று பதிவேட்டில் இருக்க வேண்டும். யாராவது கொடுக்க வேண்டும்." சொல்லும்போதே அவருக்குத் தான் சொல்வது பிடித்துப்போய்விட்டது. ஜனம் கூடிவிட்டிருந்தது வேறு. தொண்டையைச் செருமினார். "பெயரிழந்த ஒரு ஆசிரியைக்கு எண் கொடுக்க இந்தப் பதிவகத்தில் யாரும் இல்லையா? இருக்கிறேன்! என் பெயரின் முதல் பெட்டியை நான் கொடுக்கிறேன்! கொடுப்பதற்காகவே இந்த நாற்காலி!"

"சார், ஒரு நிமிஷம்," என்றார் மூணாம் கவுன்டர். "நம்ம ஆபீஸ்ல நகல் எடுக்கறது…"

"பேசும்போது குறுக்கே பேசாதீர்!"

"நகல் எடுக்கறது தடை சார். இடமாற்றம் மட்டும்தான். எடுத்த இடத்துல…"

"உத்தரவு!" என்றார் ஆணையர், போட்டோ எடுக்க வசதியாகத் திரும்பி நின்றுகொண்டு.

உத்தரவு நிறைவேறியது. டீச்சரின் பெயர் தலையிலிருந்து வால்வரை திரையில் வந்தது. டீச்சர் அதை மெல்ல, உதடு அசைய ஒருமுறை வாசித்தார். அதே நொடியில் ஆணையர் அறை வாசலில் ஓடிக்கொண்டிருந்த மின்பலகையில் அவர் பெயர் அணைந்தது. எடுத்த இடத்தில் சைபர் விழுந்துவிட்டது. அறைக் கதவு அவர் அட்டைக்குத் திறக்கவில்லை.

"நான்தான்யா ஆணையர்!" என்று கதவைத் தட்டினார்.

"வாசிச்சுப் பாத்தேன் சார்," என்றார் மூணாம் கவுன்டர், மிகுந்த மரியாதையோடு. "முதல் பெட்டியிலேயே முடிஞ்சுபோச்சு. கொடையாளர் யாராவது வந்தா பாக்கலாம்." கூடியிருந்த அதிகாரிகளைப் பார்த்தார் ஆணையர். எல்லாருக்கும் திடீரென்று வேலை ஞாபகம் வந்தது. ஆணையர் இடம் காலியாக இருந்தால் மூத்த எழுத்தர் கையெழுத்திடலாம் என்று பதினான்காம் விதி. என் புதுச் சான்றிதழில் மூணாம் கவுன்டர் கையெழுத்துப் போட்டார். என் பெயரும் அப்பா பெயரும் ஒட்டிக்கொண்டிருந்தன, அதனால் என்ன?

மறுநாள், இருபத்தேழு, மாலை நாலரை மணிக்குத் திருமணப் பதிவாளர் முன்னால் எங்களுக்கு முந்தைய டோக்கனில் டீச்சரும் கண்டக்டரும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர் திரும்பக் கிடைத்துவிட்டார், ஆனால் நேற்றுத்தான் பதிவான புது ஆள் என்கிற கணக்கில். பழைய கல்யாணம் அழிந்துவிட்டது. கண்டக்டரோ சான்றிதழ் பெற்ற தனியர். திரும்பப் பதிந்தே ஆக வேண்டும்.

"நாலு நாள் கழிச்சு வரலாமேன்னா கேக்க மாட்டேங்கறார்," என்றார் டீச்சர் எங்களிடம்.

"உன் புத்தி எனக்குத் தெரியாதா?" என்றார் கண்டக்டர். புதுச் சட்டை போட்டிருந்தார்.

அலுவலகம் ஐந்துக்குப் பூட்டும். நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவாளர் அம்மாள் கண்டக்டர் பெயரை வாசித்து, "இவரை மணக்கச் சம்மதமா?" என்று டீச்சரிடம் கேட்டார்.

டீச்சர் நிமிர்ந்து உட்கார்ந்தார். கைப்பையை மடியில் சரிசெய்துகொண்டார்.

"சம்மதமாங்க?"

"கொஞ்சம் இருங்க," என்றார் டீச்சர். "இதை எங்கிட்ட இதுக்கு முன்னாடி யாரும் கேட்டதில்ல. எங்கப்பா கேக்கல. இவரும் கேக்கல. இப்பத்தான் முதல் தடவையா ஒருத்தர் கேக்கறாங்க. நான் யோசிச்சுச் சொல்றேன்."

கண்டக்டருக்கு நெற்றியில் வேர்த்துவிட்டது. நாலு ஐம்பது. வாயாடி என் கையை இறுக்கிப் பிடித்தாள். டீச்சரை அவசரப்படுத்தலாமா என்று நான் வாயைத் திறந்தேன், அவள் என் காலை மிதித்தாள். நாலு ஐம்பத்துநாலு. கண்டக்டர் நாற்காலியை மனைவி பக்கம் திருப்பிப் போட்டார்.

"ஏம்மா," என்றார், தாழ்ந்த குரலில். "நான் கேக்கறேன். சம்மதமா?"

டீச்சர் அவரை நன்றாகப் பார்த்தார். "ம்," என்றார். "இப்ப சம்மதம்."

நாலு ஐம்பத்தாறுக்கு வாயாடியிடம் அதே கேள்வியைக் கேட்டார்கள். கேட்டு முடிப்பதற்குள் சம்மதம் என்று கத்திவிட்டாள்.